ஈயம் உறையாமலிருக்க

ஈயம் சூட்டில் உருகும், ஆறினால் உறையும். என் அப்பாவுக்குத் தெரிந்த விஞ்ஞானம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் தன் உடம்பை இத்தனை காலமும் நடத்தினார். குடியையும் பீடியையும் கெட்ட பழக்கம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. மருந்து என்று நினைத்தார். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். குடிகாரனுக்குச் சாக்கா பஞ்சம் என்கிறார்கள். சொல்லட்டும். சாக்குச் சொல்கிற குடிகாரர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகம் வேறு. அப்பா டம்ளரை வாயில் வைக்கும்போது கசப்பு மாத்திரை விழுங்குகிறவர் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற சாலையில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும். பாடி கட்டுகிறவர்கள், டயர்க் கடைக்காரர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் பேட்டரிக் கடை. அங்கேதான் அப்பாவுக்கு வேலை. செத்துப்போன லாரி பேட்டரிகள் வந்து குவியும். மூடியைப் பிளந்து, ஆசிட்டைக் கவிழ்த்து, உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளை உருவி, தட்டி, நல்லது கெட்டது பிரிப்பார்கள். கெட்டதை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி அச்சில் ஊற்றி டெர்மினல் வார்ப்பார்கள். தட்டும்போது கறுப்புத் தூள் பறக்கும். உருக்கும்போது சாம்பல் நிறத்தில் புகை கிளம்பும். அந்தக் கொட்டகைக்குள் போய்விட்டு வந்தால் நாக்கில் ஒரு தித்திப்பு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் எனக்கு அது பிடித்திருந்தது.

கடையில் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஈயம் உருக்குகிற நாளில் வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கட்டிங் பிராந்தி போட்டே ஆக வேண்டும். முதலாளியே வாங்கித் தருவார். மூச்சோடு உள்ளே போன ஈயம் நெஞ்சில் ஆறினால் உறைந்து கட்டியாகிவிடும். பிராந்தி சூடு, அந்தச் சூடு இருக்கும்வரை ஈயம் உறையாது, இளகி மூத்திரத்தில் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. பீடிக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஈயப் புகையைப் பீடிப் புகை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடுமாம், முள்ளை முள்ளால் எடுக்கிற மாதிரி. காலையிலிருந்து ஈயம் உருகுவதையும் உறைவதையும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்கள். அவர்களிடம் போய் உங்கள் கணக்கு தப்பு என்று யார் சொல்வது? முதலாளிக்கு இதில் ஒரே பெருமை. எங்கள் வீட்டிலேயே வந்து உட்கார்ந்து, அம்மா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "எந்தக் கடையில மொதலாளி ஆளுங்களை இப்புடிப் பாத்துக்கறான், சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்டிருக்கிறார்.

சோற்றுக்குக் கை கழுவுவதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. சோப்புப் பவுடரைக் கொட்டி முழங்கைவரை தேய்தேய் என்று தேய்ப்பார். ஆசிட் பட்ட கை சோற்றில் பட்டால் குடல் வெந்துவிடும் என்று பயம். அதே கை நாள் முழுக்கப் பீடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேயிருக்கும். அதற்கு ஒருதடவைகூடக் கழுவியதில்லை. பீடியை என்ன தின்னவா போகிறோம்? பீடிக்கட்டு சட்டைப் பையில்தான் கிடக்கும். துவைக்கிறபோது பையைத் திருப்பி உதறினால் புகையிலைத் தூளும் கறுப்புத் தூளும் கலந்து கொட்டும்.

"ஊட்டுல அடுப்பு எரியறதை விட உங்கப்பன் வாயி எச்சா எரியுது" என்பாள் அம்மா. அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். வாய் ஓயாது. ஆனால் அப்பாவை அவளால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. குடித்துவிட்டுக் கத்துகிறவராக இருந்தால், கை நீட்டுகிறவராக இருந்தால், மாமன்மார்களைக் கூட்டி வந்து ஒரு வழி பண்ணியிருப்பாள். இவர் சத்தமில்லாமல் வருவார், பாதிச் சோற்றை ஒதுக்கி வைப்பார், படுத்துக்கொள்வார். இப்படிப்பட்ட ஆள்மேல் என்ன புகார் கொடுப்பது? நல்ல குடிகாரர் என்று ஊரில் பெயர் வேறு. அந்த நல்ல குணம்தான் எங்களுக்கு வினையாகப் போனது.

நான் கல்யாணமாகிப் பரமத்தி வேலூருக்குப் போய், முதல் பிள்ளை உண்டாகியிருந்த சமயத்தில்தான் அப்பாவுக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை. குடலைப் பிடித்துப் பிழிகிற மாதிரி இருக்கிறது என்பார். முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு தரையில் உருளுவார். கூடவே மலச்சிக்கல். எங்கள் வட்டாரத்து டாக்டரிடம் அம்மா கூட்டிப் போனாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்பே மூக்கைச் சுளித்துவிட்டார். "எப்ப இருந்து குடிக்கிற? அதை விடு, எல்லாம் சரியாப் போகும்" என்று ஊசி போட்டு அனுப்பினார். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கவில்லை. வாயில் வாடை வந்த பிறகு வேறு எதுவும் கேட்கத் தோன்றாது போலிருக்கிறது.

அப்பா டாக்டர் சொன்னபடி குடியை நிறுத்தினார். நிஜமாகவே நிறுத்தினார். வலி நிற்கவில்லை, இன்னும் கூடியது. மலம் சுத்தமாகக் கட்டிக்கொண்டது. உடனே அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. "பாத்தியா புள்ள, ரெண்டு வாரம் ஊத்தாம உட்டதுக்கே உள்ள உறைஞ்சு போச்சு" என்று அம்மாவிடம் சொன்னாராம். அன்றைக்கே மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை உருக்குகிற நாள் உருக்காத நாள் என்று பார்க்கவில்லை. பட்டினி வயிற்றில் காலையிலேயே ஒரு வாய். உறைந்ததை இளக்க வேண்டுமல்லவா! இதை அம்மா போனில் சொன்னபோது நான் சிரித்தேன். 

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் எங்கள் பக்கம் இரண்டு பேச்சு கிடையாது. கை நிறைய வளையலோடு வாசலில் இறங்கியபோது அப்பா பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்தார். வலியில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "வா சாமி, வா. என்ற சாமி ரெண்டு உசுரா வந்திருக்குது" என்றார்.

அந்த நாட்களைப் பற்றி எழுதத்தான் கை வர மாட்டேன் என்கிறது. அப்பா என்னை அப்படித் தாங்கினார். சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் வறுத்த கடலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, தோலை ஊதி, பருப்பை மட்டும் என் கையில் கொட்டுவார். நகத்துக்குக்கூட வேலை வைக்க மாட்டார். "நீ தின்னு கண்ணு, புள்ளைக்குத் தெம்பு வரோணும்." நான் மசக்கை முடிந்த பசியில், வேறு ஒன்றும் சாப்பிடாத நேரத்தில், அவர் உரிக்க உரிக்கத் தின்றேன். அம்மா பள்ளிக்கூடம் போயிருக்கிற பகலில் சும்மா இருக்க முடியாமல் அவருடைய சட்டைகளை நானே துவைத்துப் போட்டேன். வாளித் தண்ணீர் கறுத்துப் போகும். உழைக்கிற மனிதனின் சட்டை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் கடையிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். இந்தத் தடவை சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நானும் கூடப் போனேன். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. அவருக்கும் வாடை தெரிந்திருக்கும், மூக்கைச் சுளிக்கவில்லை. அப்பாவின் உதட்டை விரலால் விலக்கிப் பல் ஈறைப் பார்த்தார். ஈறின் ஓரத்தில் மை தீட்டின மாதிரி ஒரு கோடு ஓடியது. நாங்கள் அதைப் பீடிக்கறை என்று நினைத்திருந்தோம். டாக்டரம்மா நிமிர்ந்து, "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். ஒரு மனிதன் இத்தனை மாதம் உருண்டு புரண்ட பிறகு முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். ஈயம் ரத்தத்தில் ஏறிக் கிடக்கிறது, வலி அதனால்தான் என்றார். அப்பா முந்திக்கொண்டு தன் கணக்கைச் சொன்னார். பிராந்தி, சூடு, இளகுவது, மூத்திரம், பீடிப் புகை. டாக்டரம்மா சிரிக்காமல் முழுவதையும் கேட்டார். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

"இல்லீங்கய்யா, எல்லாம் தலைகீழா இருக்கு" என்றார். "புகையிலைச் செடி மண்ணுல இருக்கிற ஈயத்தையும் காட்மியத்தையும் இழுத்து இலையில வச்சுக்கும். பேட்டரிக் கடைப் பக்கமே போகாத ஆளுக்குக்கூட பீடி குடிச்சா ரத்தத்துல அதெல்லாம் கொஞ்சம் ஏறும். உங்களுக்கு கையில ஒட்டியிருக்கிற தூளும் பீடியோட சேர்ந்து வாய்க்குள்ள போகுது. சோத்துக்குக் கழுவுறீங்க, பீடிக்குக் கழுவுறதில்லையே. குடிச்சா எதையும் வெளிய தள்ளாது. குடிக்கிறவங்க ஒழுங்கா சாப்பிடறதில்லை. காலி வயித்துல, சத்து இல்லாத உடம்புல, ஈயம் இன்னும் சுலபமா ஏறும். வெளிய தள்ளுற வேலை கிட்னியோடது. அதையும் இதெல்லாம் சேர்ந்து கெடுக்குது."

 "அப்ப இளகவே இளகாதுங்களா?" என்று கேட்டார் அப்பா.

"அது உள்ள கட்டியாவே இல்லைங்கய்யா. தண்ணியில உப்பு மாதிரி ரத்தத்துல கலந்து கிடக்கு. இளகறதுக்கு ஒண்ணுமில்லை."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் நம்பிய மருந்து விஷம் என்று தெரிந்துகொள்கிற முகம் அது. எனக்குப் பரிதாபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. டாக்டரம்மா அதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டார். வயிற்றைப் பார்த்தார்.

"நீங்க இவர் பொண்ணா? அதே வீட்டிலயா இருக்கீங்க?"

"பொறந்ததுல இருந்துங்க. கண்ணாலமாகி வேலூர் போயிட்டேன். இப்பப் பிரசவத்துக்கு வந்திருக்கேன்."

"யார் துணி துவைக்கிறது?"

சொன்னேன். கடலையையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என் கையிலும் ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வரும்வரை நான் பட்ட பாடு எனக்கும் என் சாமிக்கும்தான் தெரியும். பிள்ளை உதைத்தால் பயம், உதைக்காவிட்டால் பயம். முடிவு வந்தது. என் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. அப்பா அளவுக்கு இல்லை. ஆனால் பிள்ளைக்கு இவ்வளவு பரவாயில்லை என்று சொல்கிற மாதிரி ஒரு அளவே கிடையாது என்றார் டாக்டரம்மா. ஈயம் ரத்தத்தோடு நிற்காது, எலும்பில் போய்க் குடியேறிவிடும். வயிற்றுப் பிள்ளை எலும்பு கட்டும்போது தாயின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், அப்போது இதுவும் சேர்ந்து போகும். எனக்கு இப்போது மருந்து கொடுக்க முடியாது. பால், கேழ்வரகு, கீரை, இரும்புச்சத்து மாத்திரை இதுதான் வழி. அந்தத் தூளும் புகையும் இனி என்மேல் படவே கூடாது என்றார்.

எலும்பில் இருப்பது இந்தச் சில வாரத்தில் சேர்ந்தது மட்டுமல்ல என்று அப்போதுதான் உறைத்தது. பாவாடை கட்டிய வயதிலிருந்து சேர்ந்தது. பாத்திரம் பண்டம், கட்டில் பீரோ எல்லாம் கொடுத்துத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். எண்ணாமல் விட்டுப்போன பிறந்த வீட்டுச் சீர் ஒன்று எலும்புக்குள் வந்திருக்கிறது. அதை என் பிள்ளைக்கு நான் கொடுக்கிறேன்.

அப்பாவை அங்கேயே படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். வலி குறைந்தது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. திரும்ப அதே கடைக்குப் போனால் இந்த மருந்தெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் முதலாளி பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கி வந்திருந்தார். ஈயம் என்ற பேச்சை அம்மா எடுத்ததும் கை இரண்டையும் விரித்தார். "ஏனுங்க, பீடி குடிக்கறவனுக்கு ரத்தத்துல அது இருக்கும்னு டாக்டரே சொல்லீருக்காங்கல்லங்க? குடிச்சா நெம்ப ஏறும்னும் சொல்லீருக்காங்க. கடை மேல பழி போட்டா எப்படிங்க? அளவாக் குடிக்கோணும்னு நானே எத்தனை தரம் சொல்லீருக்கேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆரஞ்சுப் பையை எடுத்து அவர் மேலேயே வீசியிருப்பேன். ஊற்றிக் கொடுத்த கை அது! குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். அம்மா என்னை முந்திக்கொண்டாள். "ஆமாங்க, நீங்க வாங்கிக் குடுத்தது அளவுச் சரக்கு. அவரு தானா வாங்கிக் குடிச்சதுலதான் ஈயம் இருந்துருக்குது" என்றாள். முதலாளி காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்பா அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குள் செய்தி பரமத்தி வேலூருக்குப் போய்விட்டது. மாமியார் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தார். வாழைத்தோட்டத்து மனுஷி, கணீரென்று பேசுவார். "குடிகாரன் ஊட்டுல பொண்ணெடுத்தோம்னு பேராகிப் போச்சு. புள்ளையை நான் கூட்டீட்டுப் போறேன். தலைப்பிரசவம் எங்கூட்டுலயே ஆகட்டும், ஒறம்பரை சாதிசனம் கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார். சொன்னதில் பாதி நியாயம். ஆனால் அவர் ஈயம் என்ற சொல்லை ஒருதரம்கூட வாயில் எடுக்கவில்லை. முதலாளிக்கும் குடி, உள்ளூர் டாக்டருக்கும் குடி, சம்பந்திக்கும் குடி. எல்லோருக்கும் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. தலைப்பிள்ளையைப் பெற வந்த மகளைத் திருப்பி அனுப்பினால் அம்மா இனி ஒரு விசேஷத்தில் தலை காட்ட முடியாது. அவள் சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

அப்போது அப்பா சொன்னார். "எங்கிட்டத்தானுங்க இருக்குது குத்தம். புள்ளை இங்கயே இருக்கட்டும். நான் கடையில படுத்துக்கறேன். புள்ளை பொறக்கற வரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன்."

மாமியாருக்கே கண் கலங்கிவிட்டது. சம்மதித்துப் போய்விட்டார். அப்பா மாற்றுத் துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தபோது நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஊட்டை விட்டு ஏன்ப்பா போறீங்க? கடையை விடுங்க. பீடியை விடுங்க. அந்தக் கருமத்தைத் தலை முழுகுங்க. அப்பறம் எங்கயும் போக வேண்டியதில்லை. அத விட்டுப்போட்டு அங்கயே போய்ப் படுத்துக்கறேங்கறீங்களே, உங்களுக்குப் பைத்தியமா?"

"வேற என்ன தொழில் தெரியும் சாமி எனக்கு?"

"வாட்ச்மேன் வேலைக்குப் போங்க. கோழிப்பண்ணையில முட்டை அடுக்குங்க."

"போலாம் சாமி. புள்ளை பொறக்கட்டும்" என்றார். என்னைத் தொடாமல் ஒதுங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஊர் அவரைக் கொண்டாடியது. பேரப்பிள்ளைக்காக வீட்டையே விட்ட மனுஷன் என்றார்கள். குடிகாரன் என்று சொன்ன அதே வாய்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். விஷம் உருக்குகிற கொட்டகையிலேயே கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டு ராத்திரி பகலாக அந்தக் காற்றையே மூச்சு விடுகிறவரை தியாகி என்கிறார்கள். மெனக்கெட்டுத் தியாகம் பண்ணுவார்கள் எங்கள் ஆண்கள். பீடியை விடு என்றால் மட்டும் முடியாது. வீட்டை விடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது, அதுதான் உண்மை. வலிக்காக இல்லாவிட்டாலும் தனிமைக்காகக் குடித்தார். கேட்கவும் ஆளில்லை. இளகும் என்ற நம்பிக்கைகூட இல்லாமல் குடித்தார்.

அம்மா டாக்டரம்மா சொன்னபடி வீட்டை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். அப்பாவின் பழைய சட்டைகளை வெளியே போட்டாள். கேரியரில் சோறு கொடுத்தனுப்புவாள். பல நாள் மூடிகூடத் திறக்காமல் திரும்பி வரும். "குடிச்ச வயித்துல சோறு எங்க எறங்கும்" என்று அதை மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கொட்டுவாள். கொட்டிவிட்டு அழுவாள்.

பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சேலத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இருந்தது. டாக்டரம்மா போனில் பேசினார். அதிகமில்லை, இனிமேல் படாமல் பார்த்துக்கொண்டால் குறையும், பால் கொடுங்கள், வளர்ச்சியை மட்டும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டேன். தலை நிற்பது, திரும்பிப் பார்ப்பது, பேச்சு வருவது, படிப்பு என்றார். அதாவது ஆயுள் முழுக்க. மற்ற தாய்மார்கள் குழந்தை கண்ணைத் திறந்தால் மகிழ்வார்கள். நான் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சோதித்தேன். அப்பாவுக்கு இதை யாரும் சொல்லக்கூடாது என்று அம்மா எல்லோரையும் கேட்டுக்கொண்டாள். நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று வெறியாக இருந்தது.  "சரி சாமி" என்று மட்டும் சொன்னார்.

தொட்டில் போடுகிற நாளன்று காலையில், உறவுக்காரர்கள் வருவதற்கு முன்பு, அப்பா வந்தார். வெளுத்த வேட்டி, புதுச் சட்டை. கிணற்றடியில் இரண்டு தடவை குளித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். தோள்துண்டை முன்னால் இழுத்துக் கைகளை மூடியிருந்தார். அம்மா வாசலிலேயே நிறுத்தி முகர்ந்து பார்த்தாள். குடித்திருக்கவில்லை. பீடி வாடையும் இல்லை. "உள்ள வாங்க" என்றாள்.

பிள்ளையை அவர் கண்ணில் காட்டக்கூடாது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். என்னென்ன கேட்பது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் சுவரோரமாக, எங்களிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்து, எட்டிப் பார்த்தார். தொடக்கூடாத பொக்கிஷத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். சட்டைக்குள் ஆளே இல்லை. என் கோபம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. பாவி மனுஷா என்று மட்டும்தான் வந்தது.

"வாங்கிக்கங்கப்பா" என்று குழந்தையை நீட்டினேன்.

"வேண்டாஞ்சாமி. ஒட்டிக்கும்."

"அதான் ரெண்டு தரம் குளிச்சிருக்கீங்கல்ல? புடிங்க" என்று அம்மா அதட்டி, துண்டை இழுத்தாள்.

அவருடைய இரண்டு கைகளும் மணிக்கட்டிலிருந்து கீழே தொங்கின. முதலில் அவர் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். தூக்க முயன்றார். முழங்கை உயர்ந்தது; கை நிமிரவில்லை. விரல்கள் தரையைப் பார்த்தபடியே ஆடின. ஈயம் கை நரம்புவரை போய்விட்டிருந்தது. எப்போதிலிருந்து என்று அம்மா கேட்டாள். "ஆச்சு, ஒரு மாசத்துக்கு மேல" என்றார். மூடி திறக்காமல் வந்த கேரியர் அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வைத்தியம் பாத்துக்கலாம் சாமி" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "கீழ உட்டுருவேன். அதான் வேண்டாங்கறேன்."

நான் எழுந்து அவரருகே போய் உட்கார்ந்தேன். குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முத்தம் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு, குழந்தையின் நெற்றியை, மூக்கை, கைவிரல்களைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. அழுகையை அடக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

குழந்தையை எடுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பி, அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.